பெண் குதிரைகளுக்கென ஒரு அகில இந்திய சாம்பியன்ஷிப் வேண்டும்: எப்போது, எங்கே வைக்கலாம்?

#1 கிண்டி கேலரி

ரொம்ப நாளாக மனதில் இருப்பதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நம் நாட்டுக் குதிரைப் பந்தயத்தில் மார்ச் மாத இன்விடேஷன் வீக்எண்ட் நம் எல்லோருக்கும் தெரியும். 1963-ல் ஒரே ஒரு கோப்பையாகத் தொடங்கியது. இன்றைக்கு அந்த இரண்டு நாளில் நாலு பெரிய பந்தயம்: ஸ்பிரின்டர்ஸ் கப் 1200 மீட்டர், சூப்பர் மைல் 1600, இன்விடேஷன் கப் 2400, ஸ்டேயர்ஸ் கப் 3000. மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா, சென்னை என்று ஊர் ஊராக மாறி மாறி நடக்கும். நாட்டில் எது சிறந்த குதிரை என்று எல்லா ஊர்க் குதிரைகளும் ஒரே மண்ணில் மோதிப் பார்க்கும் இடம் அது ஒன்றுதான்.

அந்த நாலில் ஒன்றுகூடப் பெண் குதிரைகளுக்கென்று கிடையாது. இன்விடேஷன் கப்போ நாலு வயதுக் குதிரைக்கு மட்டும். அப்படியானால் ஐந்து வயதுப் பெண் குதிரை ஒன்று, 2000 மீட்டரில் நன்றாக ஓடக்கூடியது, அந்த வீக்எண்டில் எங்கே போய் நிற்கும்? மைலுக்கு வேகம் பற்றாது, 3000-க்கு மூச்சு பற்றாது. இரண்டுக்கும் நடுவில் அதற்கு வாசலே இல்லை.

இது ஏன் என்னை உறுத்துகிறது என்றால், கண்ணால் பார்த்தேன். சில வருடங்களுக்கு முன் சென்னை கிண்டி மைதானத்தில் ஒரு ஃபில்லி, அதாவது இளம் பெண் குதிரை. பெயர் வேண்டாம். ஓக்ஸ் (ஃபில்லிகளுக்கான பெரிய பந்தயம்) ஓடி முடித்து, குதிரைகளை நடத்திக் காட்டும் பேடக்குக்குத் திரும்பும்போது கழுத்தெல்லாம் வியர்வை நுரை. ஆனால் காது இரண்டும் முன்னால் விறைத்து, இன்னொரு ரவுண்டு போகலாமா என்று கேட்பதுபோல் நின்றது. அடுத்த வருடம் அதே குதிரையை ஹேண்டிகேப்பில், அதாவது திறமைக்கேற்ப எடை ஏற்றும் பந்தயத்தில், பார்த்தேன். ரேட்டிங் ஏறிவிட்டதால் முதுகில் அறுபது கிலோவுக்கு மேல். தன்னைவிட எட்டு, ஒன்பது கிலோ குறைவாகச் சுமந்த சாதாரணக் குதிரைகளிடம் கடைசி நூறு மீட்டரில் தோற்றது. மூன்று, நாலு முறை இப்படி. பிறகு குட்டி ஈன ஸ்டட் ஃபார்முக்குப் போய்விட்டது. அதன் முழுத் திறமை என்ன என்று யாருக்குமே தெரியாமல் போனது.

என் யோசனை இதுதான். இன்விடேஷன் வீக்எண்டில் ஐந்தாவதாக ஒரு பந்தயம்: நாலு வயதுக்கும் அதற்கு மேலும் உள்ள பெண் குதிரைகளுக்கு மட்டும், 2000 மீட்டர், எல்லாவற்றுக்கும் சம எடை. இந்தியன் ஓக்ஸ், கோல்கொண்டா ஓக்ஸ், சவுத் இண்டியா ஓக்ஸ் மாதிரிப் பந்தயங்களில் முன்னால் வந்தவற்றுக்கு அழைப்பில் முதல் உரிமை.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

#2 மலக்பேட்டைக்காரன்

அண்ணே, ஆசை நல்ல ஆசை. எனக்கு ஒரு பயம். இப்போதே பெரிய பந்தயங்களில் ஆறு, ஏழு குதிரைதான் நிற்கிறது. பெண் குதிரைகளுக்கென்று தனிக் கதவு திறந்துவிட்டால் நல்ல ஃபில்லி எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும். இன்விடேஷன் கப் வெறும் ஆண் குதிரைப் பந்தயமாகச் சுருங்கிவிடாதா?

இந்தியன் டெர்பியின் முதல் வருடம் 1943. ஜெயித்தது பிரின்சஸ் பியூட்டிஃபுல் என்கிற ஃபில்லி. 2010-ல் ஜாக்குலின். ஆண் குதிரைகளோடு மோதி ஜெயித்ததால்தான் இவற்றின் பெயரை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஃபில்லிக்கு ஒன்றரை கிலோ எடைச் சலுகை ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் தனிப் பந்தயம் எதற்கு?

#3 ஃபார்ம் புத்தகம்

மலக்பேட்டைக்காரரின் பயம் நியாயமானது. வெளிநாட்டில் இதே பயம் என்ன ஆனது என்பதையும் பார்க்கலாம்.

பாரிஸில் ஆண், பெண் இரண்டும் மோதும் பெரிய பந்தயமான ஆர்க் நடக்கும் அதே நாளில், அதே மைதானத்தில் பெண் குதிரைகளுக்கென்று ப்ரீ த லோபேரா நடக்கிறது. 2000 மீட்டர், குரூப் 1, அதாவது மிக உயர்ந்த தரம். பெண் குதிரை வைத்திருப்பவருக்கு எளிதான வழி பக்கத்திலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் 2011 முதல் 2018 வரை நடந்த எட்டு ஆர்க்கில் ஏழில் பெண் குதிரைகள்தான் ஜெயித்தன: டேன்ட்ரீம், சொலீமியா, ட்ரெவ் இரண்டு முறை, ஃபவுண்ட், எனேபிள் இரண்டு முறை. நடுவில் 2015 மட்டும் கோல்டன் ஹார்ன் என்ற ஆண் குதிரைக்குப் போனது. அங்கேயும் பெண் குதிரைக்குச் சலுகை அதே ஒன்றரை கிலோதான்.

ஜப்பான் கதை இன்னும் பொருத்தம். குவீன் எலிசபெத் கோப்பை அங்கே மூன்று வயது ஃபில்லிகளுக்கு மட்டும் என்று இருந்தது. 1996-ல் மூத்த பெண் குதிரைகளுக்கும் திறந்துவிட்டார்கள். 2006-ல் டோக்கியோவில் விக்டோரியா மைல் என்று நாலு வயதுக்கு மேற்பட்ட பெண் குதிரைகளுக்குப் புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். அதனால் என்ன நடந்தது? முன்பெல்லாம் ஸ்டட்டுக்கு அனுப்பியிருக்கக்கூடிய குதிரைகளை உரிமையாளர்கள் இன்னும் ஒரு வருடம் வைத்து ஓட்டினார்கள். வோட்கா 2009-ல் விக்டோரியா மைலையும் ஜெயித்தது, அதே வருடம் ஆண் குதிரைகளும் ஓடும் ஜப்பான் கப்பையும் ஜெயித்தது. ஆல்மண்ட் ஐ 2020-ல் அதேபோல இரண்டையும் ஜெயித்தது. தனிப் பந்தயம் அந்தக் குதிரைகளைப் பெரிய பந்தயத்திலிருந்து பிரிக்கவில்லை. ஓட்டத்தில் நீடிக்க ஒரு காரணம் கொடுத்தது.

(சம்பந்தமில்லாத ஒரு தகவல்: பிரின்சஸ் பியூட்டிஃபுல் நம் டெர்பியை ஜெயித்த அதே 1943-ல் ஜப்பான் டெர்பியை ஜெயித்ததும் ஒரு ஃபில்லி, குரிஃபுஜி. அதற்குப் பிறகு அங்கே ஒரு ஃபில்லி டெர்பி ஜெயிக்க 64 வருடம் ஆனது. 2007-ல் ஜெயித்தது இதே வோட்கா.)

#4 மலக்பேட்டைக்காரன்

ஆர்க் கணக்கு எனக்குத் தெரியாது. எட்டில் ஏழா! சரி, அந்த வாதத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் அவர்களிடம் ஆயிரக்கணக்கில் குதிரை இருக்கிறது. நம்மிடம் பணமும் இல்லை, குதிரையும் குறைந்துகொண்டே வருகிறது. 2025 செப்டம்பரிலிருந்து பந்தயத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். டோட்டில் (கிளப்பின் பந்தயக் கவுண்டரில்) பணம் கட்டுகிறவன் குறைந்தால் கிளப்புக்கு வருமானம் எங்கே, பரிசுத்தொகை எங்கே? இருக்கிற நாலு பந்தயத்துக்கே பரிசுப் பணம் திரட்டுவது பாடாக இருக்கும்போது ஐந்தாவதற்கு யார் கொடுப்பார்?

#5 நீலகிரி சீசன்

நானும் இதைத்தான் கேட்க வந்தேன். 2024-ல் ஊட்டி மைதானத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதே வருடம் செப்டம்பரில் கிண்டி நிலத்தின் குத்தகையும் ரத்து என்று உத்தரவு. ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டியில் நீலகிரி டெர்பி பார்த்து வளர்ந்தவன் நான். காலை ஆறு மணிக்குப் பனிக்குள்ளிருந்து முதலில் குளம்புச் சத்தம் மட்டும் வரும். பிறகுதான் குதிரை தெரியும். அந்த இடமே கையை விட்டுப் போன பிறகு புதுப் பந்தயம் பற்றிப் பேச மனசு வரவில்லை. இருப்பதைக் காப்பாற்றுவதில் கவனம் வைப்போமே.

#6 கிண்டி கேலரி

நீலகிரி சார், உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் இருப்பதைக் காப்பாற்றவே புதிதாக ஒன்று வேண்டும் என்று நினைக்கிறேன். அடுத்த தலைமுறைக் குதிரை எங்கிருந்து வரும்? ஓடி நிரூபித்த தாயின் வயிற்றிலிருந்துதான். தாய் எவ்வளவு நல்லவள் என்று கண்டுபிடிக்க நம்மிடம் ஒரு பந்தயம்கூட இல்லை என்பதுதான் என் குறையே.

பணத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். அமெரிக்காவில் பிரீடர்ஸ் கப் 1984-ல் ஹாலிவுட் பார்க்கில் தொடங்கியது. முதல் வருடம் ஏழு பந்தயம். அந்த ஏழிலேயே இரண்டு பெண் குதிரைகளுக்கானவை. யோசனை ஜான் கெயின்ஸ் என்ற குதிரை வளர்ப்பாளருடையது. டோட்டை மட்டும் நம்பாமல் வளர்ப்பாளர்களிடமே போனார்கள். ஒவ்வொரு பொலிகுதிரைக்கும் வருடா வருடம் ஒரு தொகை, பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு பதிவுத் தொகை. கட்டினால் அந்தக் குட்டி பிற்காலத்தில் அங்கே ஓடத் தகுதி பெறும்.

நம் ஊரில் சின்ன அளவில் இதைச் செய்யலாம். ஒரு பொலிகுதிரைக்கு ஒரு முறை இணை சேர்க்க வாங்கும் கட்டணத்தை வருடத்துக்கு ஒரு தடவை நிதிக்குக் கொடுத்தால் போதும். பலன் வளர்ப்பாளருக்கே திரும்பி வருகிறது: அந்தப் பந்தயத்தில் முதல் மூன்று இடத்தில் வந்த பெண் குதிரையின் குட்டி ஏலத்தில் என்ன விலைக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

#7 ஃபார்ம் புத்தகம்

பிரீடர்ஸ் கப்பிலிருந்து ஒரு எச்சரிக்கையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். 2007-ல் இரண்டு நாளாக்கினார்கள், பந்தயங்கள் பெருகின. 2008-ல் தொடங்கிய மாரத்தான் என்ற நீண்ட தூரப் பந்தயத்தை 2013-க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். இரண்டு வயதுக் குதிரைகளுக்கான ஜுவனைல் ஸ்பிரின்ட் 2011, 2012 என்று இரண்டே வருடம். நல்ல குதிரை வேறெங்கோ ஓட விரும்பும் இடத்தில் சாம்பியன்ஷிப் என்று பெயர் வைத்தால் மட்டும் அது நிற்காது.

பணத்துக்கு ஆஸ்திரேலியாவின் எவரெஸ்ட் பந்தய மாதிரியை யாராவது சொல்வார்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன். 2017-ல் சிட்னியில் தொடங்கியபோது 12 இடங்களை, இடத்துக்கு வருடம் ஆறு லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று விற்றார்கள். இடத்தை வாங்கியவர் விரும்பிய குதிரையை நிறுத்தலாம். பணம் வந்தது, கூட்டமும் வந்தது. ஆனால் கேலரி கேட்பது, ஓடிச் சம்பாதித்த தகுதியில் குதிரை வந்து நிற்கும் பந்தயம். இடத்தைக் காசுக்கு விற்கும் முறை இதற்கு ஒத்துவராது.

#8 கொட்டில் கணக்கு

வணக்கம். நான் ஒரு ஸ்டட் ஃபார்மில் பல வருடம் வேலை பார்த்தவன். இதுவரை யாரும் தொடாத விஷயம் ஒன்று இருக்கிறது. மாதம்.

குதிரைக்குச் சினைக்காலம் பதினொரு மாதம். பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் ஜனவரி 1-தான் பிறந்தநாள். டிசம்பர் கடைசியில் குட்டி பிறந்துவிட்டால் ஒரு வாரத்தில் அதற்கு ஒரு வயது என்று கணக்காகிவிடும், அதன் ஓட்ட வாழ்க்கையே கெட்டது. அதனால் பிப்ரவரி பாதிக்கு மேல்தான் இணை சேர்க்கத் தொடங்குவோம். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் எங்களுக்கு உயிர் போகிற மாதங்கள்.

இப்போது யோசியுங்கள். ஐந்து வயது ஆகிவிட்ட நல்ல பெண் குதிரையை மார்ச் வரை லாயத்தில் வைத்து ஓட்ட எந்த உரிமையாளர் சம்மதிப்பார்? பந்தயம் முடிந்து குதிரை ஃபார்முக்கு வந்தாலும் உடனே சினைக்கு நிற்காது. பந்தய உடம்பு இளகி, தீனி மாறி, மனசு அடங்கச் சில வாரம் வேண்டும். மார்ச் முதல் வாரம் ஓடினால் ஏப்ரல் கடைசி. அந்த வருடம் தாமதம், குட்டியும் தாமதம்.

இன்னொன்று. பகல் நீள நீளப் பெண் குதிரைக்குப் பருவம் வரும். மார்ச்சில் சில குதிரைகள் பேடக்கில் வாலைத் தூக்கிக்கொண்டு நகரவே மாட்டா. சேணம் போட்டால் உதைக்கும். எல்லாம் அப்படி இல்லை. ஆனால் நாட்டின் சிறந்த பெண் குதிரை எது என்று தீர்மானிக்க அதுவா மாதம்?

பந்தயம் வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம். மார்ச் வேண்டாம்.

#9 கிண்டி கேலரி

கொட்டில் சார், மிக்க நன்றி. இதை நான் யோசிக்கவே இல்லை. என் முன்மொழிவின் அடித்தளமே இன்விடேஷன் வீக்எண்டுதான். அது போனால் என்ன மிஞ்சும்? எந்த மாதம் என்று நீங்களே சொல்லுங்கள்.

#10 கொட்டில் கணக்கு

நவம்பர். ஓக்ஸ் ஜனவரியில் முடிகிறது. அந்த ஃபில்லியைப் பத்து மாதம் கழித்து, நாலு வயது முற்றிய உடம்போடு ஓட்டுங்கள். பெண் குதிரை தன் முழுப் பலத்துக்கு வருவது அப்போதுதான். ஜெயித்தாலும் தோற்றாலும் டிசம்பரில் எங்களிடம் வந்துவிடும், பிப்ரவரிக்குத் தயார். உரிமையாளருக்கும் நஷ்டமில்லை, ஃபார்முக்கும் நஷ்டமில்லை. மூன்று வயது ஃபில்லிகளைச் சேர்க்க வேண்டாம். டிசம்பரில் அவற்றுக்கு மும்பையில் ஆயிரம் கினீஸ் என்ற பந்தயம் இருக்கிறது.

#11 ஃபார்ம் புத்தகம்

ஜப்பானின் குவீன் எலிசபெத் கோப்பையும் நவம்பர்தான். காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று இப்போது புரிகிறது.

#12 லாயக்காரர் மகன்

எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பா முப்பது வருஷத்துக்கு மேல சைஸா, அதாவது குதிரையைப் பாத்துக்கிற ஆளா, இருந்தாரு. இந்த இழையை ரெண்டு நாளா அவருக்குப் படிச்சுக் காட்டிட்டு இருக்கேன். அவர் சொன்னதை எழுதுறேன்.

பந்தயம் வைக்கிறவங்க குதிரை எப்படி வந்து சேருதுன்னு யோசிக்கணுமாம். ஒரு தடவை இங்கேருந்து கொல்கத்தாவுக்கு ஒரு பெண் குதிரையைக் கொண்டுபோனாங்க. ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல. லாரில குதிரை நின்னுக்கிட்டே வரும், வளைவு வரும்போதெல்லாம் நாலு காலையும் பரத்திப் பிடிச்சுக்கும். ரெண்டாம் நாள் தண்ணியைத் தொடல. வெளியூர்த் தண்ணி வாசனை பிடிக்கல. அப்பா வாளில வெல்லத்தைக் கரைச்சு, கையை நனைச்சு உதட்டுல தடவித் தடவி அரை வாளி குடிக்க வெச்சாரு. அதிலேருந்து எந்த ஊருக்குப் போனாலும் கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே தண்ணில வெல்லம் போட்டுப் பழக்கிடுவாராம். அப்போ எந்த ஊருத் தண்ணியும் ஒரே ருசியா இருக்கும்.

போய்ச் சேர்ந்தப்புறம் குதிரைக்கு லாயம் ரெடியா இருந்துச்சு. கூட வந்தவங்களுக்கு இடம் இல்ல. மூணு ராத்திரி வைக்கோல் கட்டு மேல படுத்தாரு. அவர் இதைக் குறையாச் சொல்லல, நான்தான் சொல்றேன்.

அப்பா கேக்குற கேள்வி: நவம்பர்னா எந்த ஊரு? மெட்ராஸ்ல நவம்பர் மழை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?

#13 மலக்பேட்டைக்காரன்

தம்பி, அப்பாவுக்கு என் வணக்கம். எங்கள் ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை, வரைபடத்தைப் பாருங்கள். ஹைதராபாத்துக்கு பெங்களூரிலிருந்து 570 கிலோமீட்டர் சுமார், சென்னையிலிருந்து 630, மும்பையிலிருந்து 700 சொச்சம். சாயங்காலம் வெயில் தாழ்ந்து ஏற்றினால் மறுநாள் காலையில் எங்கள் மலக்பேட்டை மைதானத்தில் இறக்கிவிடலாம். கொல்கத்தாவுக்கு மட்டும்தான் தூரம். நவம்பரில் எங்களுக்குக் குளிர்கால சீசன், மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். முதலில் எதிர்த்தவன் நான்தான். இப்போது எனக்கே ஆசை வந்துவிட்டது.

#14 கொட்டில் கணக்கு

ஊர் எதுவானாலும் கிளாண்டர்ஸ் நோயை மறக்க வேண்டாம். ஓர் ஊரில் ஒரு குதிரைக்கு வந்தாலும் அந்தப் பகுதியிலிருந்து குதிரை வெளியே நகர முடியாது. மனிதனுக்கும் தொற்றும் நோய் என்பதால் அரசு விடாது, விடவும் கூடாது. இதற்கான ரத்தப் பரிசோதனையை உறுதி செய்யும் ஆய்வகம் ஹரியானாவின் ஹிஸாரில் இருக்கிறது. அழைப்பை நவம்பரில் அனுப்பிவிட்டு நவம்பரிலேயே ஓட்ட முடியாது. அக்டோபர் முதல் வாரத்திலேயே பட்டியல் முடிவாக வேண்டும், மாற்றுக் குதிரைகளுக்கும் சேர்த்துப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும்.

#15 நீலகிரி சீசன்

முதலில் நம்பிக்கை இல்லாமல் எழுதினேன். சைஸ் ஐயாவின் வெல்லத் தண்ணீரைப் படித்த பிறகு மனசு மாறிவிட்டது. ஒரு கேள்வி மட்டும்: இது நிரந்தரமாக ஒரே ஊரிலா, இல்லை இன்விடேஷன் போலச் சுற்றி வருமா? சுற்றி வந்தால்தான் எல்லா ஊர்க்காரர்களும் தங்களுடையது என்று நினைப்பார்கள்.

#16 கிண்டி கேலரி

நானும் சுற்றி வரும் என்றுதான் எழுதியிருப்பேன். ஆனால் நவம்பர் என்று ஆன பிறகு, கிண்டியில் வைக்காதீர்கள் என்று நானே சொல்ல வேண்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிப்போன புல்தரையில் ஒரு சாம்பியன் குதிரையின் முன்னங்காலுக்கு ஆபத்து வந்தால் மன்னிக்கவே முடியாது. எழுதும்போது கஷ்டமாகத்தான் இருக்கிறது. என் பள்ளிக்கூட நாட்களில் கேலரியின் மேல் படியில் நின்று பார்த்த மைதானம் அது. முதல் ஐந்து வருடம் ஹைதராபாத்திலேயே நடக்கட்டும். பந்தயம் காலூன்றிய பிறகு மும்பை, பெங்களூரு என்று எடுத்துப் போகலாம்.

மாற்றிய வரைவு கீழே. கிளப்புகளுக்குக் கடிதமாக அனுப்ப நினைக்கிறேன்.

நவம்பர் மூன்றாவது ஞாயிறு, 2000 மீட்டர். நாலு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண் குதிரைகள், எல்லாவற்றுக்கும் 57 கிலோ. பன்னிரண்டு இடம். அதில் எட்டு, அந்த வருட, முந்தைய வருட ஓக்ஸ் பந்தயங்களிலும் மற்ற கிரேடட் (தரம் பிரித்த பெரிய) பந்தயங்களிலும் எடுத்த இடங்களின்படி. மீதி நாலு ரேட்டிங்படி. ஹேண்டிகேப்பில் அதிக எடை சுமந்து நன்றாக ஓடியும் கோப்பை கிடைக்காத குதிரைக்கு அந்த நாலு இடம் போய்ச் சேர வேண்டும். அழைப்பு அக்டோபர் முதல் வாரம், பரிசோதனை உடனே. பரிசுத்தொகையில் பாதி பொலிகுதிரை நிதியிலிருந்து, பாதி கிளப்புகள் பகிர்ந்து. நானூறு கிலோமீட்டருக்கு மேல் வரும் குதிரைக்குப் போக்குவரத்துச் செலவை நடத்தும் கிளப் ஏற்க வேண்டும்.

ஜெயித்த குதிரைக்கு அடுத்த மார்ச்சில், உரிமையாளர் விரும்பினால், சூப்பர் மைலிலோ ஸ்டேயர்ஸ் கப்பிலோ நேரடி இடம். மலக்பேட்டைக்காரர் முதலில் சொன்ன பயத்துக்காக இதைச் சேர்த்தேன். ஆண் குதிரைகளோடு மோதும் கதவைச் சாத்தக் கூடாது.

#17 ஃபார்ம் புத்தகம்

ஜெனியாட்டா என்ற குதிரை 2008-ல் பிரீடர்ஸ் கப்பின் பெண் குதிரைப் பந்தயத்தை ஜெயித்தது. அடுத்த வருடம் அதே பந்தயத்துக்கே திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை, ஆண் குதிரைகளோடு பிரீடர்ஸ் கப்பின் பெரிய பந்தயமான கிளாசிக்கில் நின்று, கடைசி வளைவு வரை பின்னால் இருந்து வந்து ஜெயித்தது. கிளாசிக்கை ஜெயித்த முதல் பெண் குதிரை. அந்தக் கடைசிப் பத்தி இருக்கட்டும், எடுத்துவிடாதீர்கள்.

#18 லாயக்காரர் மகன்

வரைவை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். மூணாவது ஞாயிறுன்னதும் தலையாட்டினாரு. ஐம்பத்தேழு கிலோ சரின்னாரு. ஒண்ணே ஒண்ணு சேர்க்கச் சொன்னாரு: குதிரை ரெண்டு நாள் முன்னாடி வந்தா பத்தாது, குறைஞ்சது ஆறு நாள் முன்னாடி வரணும், புது மண்ணுல ரெண்டு காலை நடை பழகணும்.

நான் சேர்க்கச் சொல்றது ஒண்ணு இருக்கு. குதிரையோட வர்ற ஆளுக்குப் படுக்க இடம்.

#19 கிண்டி கேலரி

இரண்டையும் சேர்த்துவிட்டேன் தம்பி. போக்குவரத்துக்கு அடுத்த வரியிலேயே இருக்கிறது: ஆறு நாள் முன்னதாக லாயம், ஒரு குதிரைக்கு இரண்டு ஆட்களுக்குக் கட்டிலோடு தங்கும் அறை, மூன்று வேளைச் சாப்பாடு. கடிதம் திங்கட்கிழமை போகிறது. அப்பாவிடம் சொல்லுங்கள்.